போய்வாறன்

உ

தேற்றாத்தீவு,
22.08.1999

அன்பு மகன் மூர்த்திக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். வழக்கமாக இந்தச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், நீயும் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுவாய். இந்த முறை தாண்டாதே. மருமகன் யோகராசா வீட்டில் இருக்கிறார், நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கிணற்றடியில் அவர் வாளி இழுக்கிற சத்தம் கேட்கிறது, உன் தங்கச்சி கண்ணகை துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், அவரை விட்டு அங்கால் இங்கால் அசைகிறாள் இல்லை. அந்த வாளிச் சத்தம் கேட்கிறபடியால்தான் சுகம் என்று எழுதினேன். போன கிழமை எழுதியிருந்தால் இந்தச் சொல் வந்திராது. நீயும் மருமகளும் என் பேரப்பிள்ளைகளும் அந்த நோர்வேப் பனிக்குள் இருமல் சளி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். இந்தக் கடிதம் இங்கே தபாலில் போடப்படவில்லை. அச்சுக்கூட மீராசாஹிப்பின் தங்கச்சி மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான், அங்கே இறங்கித்தான் முத்திரை ஒட்டிப் போடுவான். டெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். டெலிபோன் கடையில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்களின் காது எல்லாம் என் வாயில் இருக்கும், கம்பிக்குள் இருந்து கேட்கிறவன் யாரென்று தெரியாது. இது அப்படிக் கதைக்கிற கதை இல்லை. இருந்து ஆறுதலாக வாசி.

நீ அனுப்பிய அந்தக் கறுத்த சதுரக் கம்பியூட்டர்த் தகடு பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பா அண்ணாவியாராக நின்று ஆட்டிய நீலவேந்தன் கூத்து முழுவதும் அதற்குள் இருக்கிறது, அட்டைப்படமும் இருக்கிறது, அச்சுக்கூடத்தில் கொடுத்தால் அவர்கள் அப்படியே அடித்துத் தருவார்கள் என்று அதைக் கொண்டுவந்த உன் சிநேகிதன் சொன்னான். நானும் நம்பினேன். அப்பா கைப்பட எழுதிய கூத்துக் கொப்பி உன்னிடம் இருக்கிறது, இங்கே அதற்கு வேறு பிரதி இல்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போ. கம்பியூட்டரும் அட்டை அடிக்கிற மெசினும் ஒரே இடத்தில் இருப்பது காத்தான்குடியில் மீராசாஹிப்பிடம்தான். எனக்கு அங்கே கொடுக்க விருப்பமில்லை, காரணம் உனக்குத் தெரியும். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவுமலர் அடித்தபோது, அவர் கூத்துடுப்பில் முடி வைத்து வாள் ஓங்கி நிற்கிற அந்தப் படத்தின் பிலிமை மறுபக்கமாக வைத்து அடித்து வாளை இடக்கைக்கு மாற்றிவிட்டார்கள். மலர் போன அத்தனை வீட்டுச் சுவரிலும் உன் அப்பா இடக்கையனாகத்தான் தொங்குகிறார். நான் கொண்டுபோய்க் கேட்டபோது மீராசாஹிப் சிரித்துக்கொண்டு, அக்கா, கண்ணாடிய முன்னால புடிச்சிப் பாருங்க, எல்லாம் சரியா இரிக்கும், என்று பகிடி விட்டார். அந்தப் பகிடி இன்னும் என் தொண்டைக்குள் இருக்கிறது. இருந்தாலும் அவரை மரியாதையாகத்தான் எழுதுகிறேன், மரியாதை வேறு, மறக்கிறது வேறு. மருமகன்தான் சொன்னார், மாமி, கொழும்புக்குக் கொண்டு போறதெண்டா எத்தின இடத்தில இறக்கி ஏத்துவானுகள், இது ஒரு பஸ்ஸில போய் வாற தூரம், என்று. அந்தக் கிட்டின தூரத்தில்தான் எல்லாம் நடந்தது.

மீராசாஹிப்பின் மகள் ஸகியா என்பவள்தான் அங்கே கம்பியூட்டரில் எழுத்துக் கோக்கிறவள். மருமகன் கொடுத்த தகட்டை அவள் திறந்து பார்த்தால் உள்ளே தமிழ் இல்லை. இங்கிலீசு எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, மறுபடி எழுத்து, கேள்விக்குறி, சாய்ந்த கோடு, இப்படியே பக்கம் பக்கமாக. நீ அங்கே எந்தத் தமிழ் எழுத்தை வைத்து அடித்தாயோ அந்த எழுத்து இவர்கள் மெசினில் இல்லை. அதைப் பொண்ட் என்கிறாள். பொண்டுக்குப் பொண்டு மாறுமாம், அடித்தவன் தன் பொண்டையும் தகட்டில் சேர்த்து அனுப்பவில்லை என்றால் இங்கே இப்படித்தான் எழும்புமாம். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், தமிழ் எழுத்து வந்தது, ஆனால் பல் முளைக்காத பிள்ளை கதைக்கிற மாதிரி ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. அப்போது மீராசாஹிப், முதல் பாட்டு இருக்கிற பக்கத்தை அந்த இங்கிலீசுக் குப்பையோடு அப்படியே தாளில் எடுத்து, இத மகனுக்கு அனுப்பிக் காட்டுங்க, எழுத்தையும் சேத்து அனுப்பச் செல்லுங்க, என்று கொடுத்தார், சொல்லு என்பது அவர்கள் வாயில் செல்லு என்றுதான் வரும், உனக்குத் தெரியும். அட்டையையும் நிறம் பார்க்க ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தார். தகட்டில் இருந்ததைத் தங்கள் மெசினில் பதிந்துவைத்துக்கொண்டு தகட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மருமகன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் காவலரணில் இறக்கி நடக்கவிட்டுப் பை பார்ப்பது இங்கே சோறு தின்பது மாதிரி, யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. அன்றைக்கு அவர் பையை ஒரு சிப்பாய் திறந்தான். நீ அவன் கண்ணால் ஒருதரம் பார், மகன். ஒரு தாள் நிறைய எந்தப் பாசையிலும் இல்லாத எழுத்து. இன்னொரு தாளில் வாள் ஓங்கின ஒரு ஆள். அந்த ஆளைச் சுற்றி நாலு பக்கமும் ஒவ்வொரு வட்டம், வட்டத்துக்குள் சிலுவைக் கோடு, துவக்குக்காரன் குறி பார்க்கிற கண்ணாடிக்குள் தெரியுமே அந்த மாதிரி. மூலைக்கு மூலை வெட்டுக் கோடு. கூட ஒரு கம்பியூட்டர்த் தகடு. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும்தான் மறித்திருப்பேன். மருமகன் இது கூத்துப் புத்தகம் என்றாராம். அப்ப வாசி, என்றானாம் சிப்பாய். அவர் எதை வாசிப்பார். உனக்கே வாசிக்கத் தெரியாததை யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பஸ் அவரை விட்டுவிட்டு வந்தது. அதில் வந்த மீன்காரி ஒருத்திதான் ஓடிவந்து சொன்னாள்.

கண்ணகை போட்டிருந்த சட்டையோடு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். முகாம் வாசலில் வெயில் சாயும்வரை நிறுத்திவைத்து உள்ளே கூப்பிட்டார்கள். கப்டன் நீ வெளிக்கிட்டபோது இருந்த வயதை விட இரண்டு மூன்று வயது கூட இருப்பான், அவ்வளவுதான். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் நின்று மாற்றிச் சொன்னான். இந்தத் தாளில் இரிக்கிறது ரகசிய எழுத்து எண்டு நாங்க நினைக்கிறம், நீங்க பாட்டு எண்டுறீங்க, பாட்டெண்டா அத வாசிக்கிற ஆள நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, இல்லாட்டி இவர மேல அனுப்புவம், என்றான். மேலே என்றால் எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மேலே அனுப்பியவர்களில் யார் யார் திரும்பி வரவில்லை என்று இந்த ஊரில் கேட்டால் பச்சைப்பிள்ளையும் பெயர் சொல்லும். கண்ணகை தாலியைச் சட்டைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் நேரே வல்லிபுரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் எல்லாக் கூத்துக் களரிக்கும் மத்தளம் அடித்த மனுசன், வந்து இது கூத்துத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று கேட்டேன். அவர் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு, தங்கச்சி, வயித்துக்குள்ள குத்துது, நாளைக்கு எழும்பமாட்டன், என்றார். மத்தியானம் அந்தக் குத்து இருக்கவில்லை, சந்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டேன். இதை எழுதி வைக்கிறேன், புத்தகம் வெளியிடுகிற அன்றைக்கு முதல் பிரதியை அவர் கையில் கொடு என்று நீ சொல்லிவிடாதே.

மிச்சம் இருந்தது மீராசாஹிப்பின் வீட்டு வாசல். அந்தப் படியை மிதிப்பதில்லை என்று இருந்தவள் மிதித்தேன். அவர் என்னைக் கண்டதும் எழும்பி, என்னகா அக்கா, வாள் விசயமா, என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். ஸகியா அந்தப் பக்கத்தை இன்னொரு தாளில் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பெரியம்மா, மெசின் எழுத்தத்தான் மாத்திக் காட்டுது, பாட்டு மாறல்ல, ஒரு எழுத்துக்கு எப்பவும் ஒரே குறிதான் வரும், நீங்க பாட்டச் செல்லுங்க, நான் கீழ கீழ எழுதிப் பாக்கன், என்றாள். நான் பாடினேன். பாடாதீங்க பெரியம்மா, இழுத்தா எனக்கு எழுத்துப் புடிபடாது, சும்மா செல்லுங்க, என்றாள். எனக்குப் பாடாமல் வராது என்றேன், பிறகு வாயைக் கட்டிக்கொண்டு சொன்னேன். நீலவேந்தன் போருக்குப் போகும்போது ராணியிடம் விடைபெறுகிற பாட்டு அது. உனக்கு மறந்திருக்கலாம், அப்பா பாடினபடி எழுதுகிறேன்.

பட்டத்துக் கிளியே பதுமையேயென்
பார்வைக்கு நிலவே போய்வாறன்
கட்டின தாலி காக்குமுன்னைக்
கண்ணீர் விடாதே போய்வாறன்

பட்டத்து என்று நான் சொன்னவுடன் அவள் துள்ளினாள். இஞ்ச பாருங்க, ட் ட வாற இடத்தில ஒரே எழுத்து ரெண்டுதரம், நடுவில புள்ளிக்கு ஒரு கேள்விக்குறி, கட்டின எண்ட இடத்திலயும் அதே மாதிரி, என்று காட்டினாள். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் ஒரே மாதிரி இரண்டு ஆடு நின்றால் தெரியாதா. அப்படியே கிளி வந்தது, நிலவு வந்தது, தாலி வந்தது. என் நெஞ்சு இளகி வந்த நேரம் அவள் பேனை நின்றுவிட்டது. பக்கத்தில் மற்ற எல்லாச் சொல்லும் வந்தது, போய்வாறன் மட்டும் சரிவரவில்லை. கடைசியில் ற வும் ன் னும் இருந்தன, முன்னால் வேறு. நாலாம் வரிக் கடைசியிலும் அதே நீளச் சொல். பெரியம்மா, வேற மாதிரியும் பாடுறவரா, என்று கேட்டாள். இல்லை என்றேன். தனக்குத் தெரிந்துவிட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாக அந்தச் சொல்லின் கீழே எழுதித் தாளை என் பக்கம் திருப்பினாள். முதல் எழுத்து மட்டும் வெற்றிடம், பிறகு ல், பிறகு கி, பிறகு ன், கடைசியில் றேன். செல்கின்றேன் எண்டு நிக்குது, பெரியம்மா, என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வாப்பா வாள மாத்தினார், மகள் சொல்ல மாத்துறயா, என்று கேட்டுவிட்டேன். அவள் குனிந்துகொண்டாள். மீராசாஹிப் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். அக்கா, இது நாங்க மாத்தினதில்ல, இஞ்ச அச்சுக்கு வாற எல்லாக் கொப்பியிலயும் நான் காணுறதுதான், பெத்தவங்க ஒரு சொல்லு எழுதிவெச்சிருப்பாங்க, படிச்ச புள்ளைகள் அதக் கொச்சை எண்டு நினைச்சித் திருத்தி அனுப்புவாங்க, உங்கட மகன் தமிழத் திருத்தியிரிக்கார், என்றார். என்ட மகன் தகப்பன்ட சொல்லத் தொடமாட்டான், என்றேன். அதை மெசின் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன், மூர்த்தி, அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். சரி அக்கா, நீங்க செல்லுறதே சரியா இரிக்கட்டும், ஆனா நாளைக்கு அவனுகளுக்கு முன்னால தாளில இரிக்கிறதத்தான் செல்லணும், அண்ணாவியார் பாடினதச் செல்லப்படாது, ரெண்டும் வேறாப் போனா உங்கட மருமகன் போயிருவார், என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அதை நீ சும்மா எடுத்துக்கொள்ளக்கூடாது. காத்தான்குடியில் இருந்து ஒரு தகப்பனும் குமர்ப்பிள்ளையும் தமிழ் வீட்டு விசயத்துக்காக முகாம் வாசலில் வந்து நிற்பதென்றால் இந்தப் பக்கத்திலும் கதைப்பார்கள், அந்தப் பக்கத்திலும் கதைப்பார்கள். ஸகியா எழுத்துப் பார்த்த தாளை மேசையில் வைத்து விளங்கப்படுத்துவாள், நான் பக்கத்தில் நின்றால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்து வந்தோம். அந்தக் கப்டன் எங்களை விடக் கெட்டிக்காரன். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டான், பையில் பிடித்த அந்த இங்கிலீசு எழுத்துத் தாளையும் பேனையும் வெறுந்தாளையும் கொடுத்து அவளை உள் அறைக்கு அனுப்பி, முதல் பக்கத்தைப் புதிதாகத் தமிழில் எழுது என்றான். என்னை வராந்தாவில் நிறுத்தி, தமிழ் தெரிந்த சிப்பாயிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நீ சொல், அவன் எழுதுவான், பிறகு இரண்டையும் பார்ப்பேன் என்றான். கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவின் அந்தத் தொங்கலில் மருமகனைக் குந்தவைத்திருந்தார்கள். சேர்ட்டில் ஒரு கை கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் பட்டத்துக் கிளியே என்று தொடங்கினேன். அந்தச் சிப்பாய் எழுத எழுத வரி வரியாகச் சொன்னேன். இரண்டாம் வரியின் தொங்கலுக்கு வந்தேன். நாக்கில் போய்வாறன் இருக்கிறது. நான் கல்யாணம் முடித்து வந்த நாள் தொடக்கம் கேட்ட சொல், அதை விலக்கி வேறு சொல்லை அந்த இடத்தில் வைப்பது வாய்க்குள் கல் வைப்பது மாதிரி. அதோடு இன்னொரு பயம். முதல் நாள் நான் அந்தப் பிள்ளையை அவ்வளவு ஏசினேன். என் கோபத்துக்குப் பயந்து, பெரியம்மா சொன்னபடியே இருக்கட்டும் என்று அவள் உள்ளே போய்வாறன் என்று எழுதிவிட்டாள் என்றால், நான் செல்கின்றேன் என்று சொல்லி நானே என் மகளின் தாலியை அறுத்தவள் ஆவேன். இங்கால் மிதித்தாலும் குழி, அங்கால் மிதித்தாலும் குழி. சிப்பாய் நிமிர்ந்து, என்ன கிழவி, மறந்து போச்சா, என்று கேட்டான். எனக்கு மறதி என்று ஒருவனும் சொன்னதில்லை. சாத்தின கதவைப் பார்த்தேன். தாளில் இல்லாததை யாருக்காகவும் எழுதுகிற பிள்ளை இல்லை அவள் என்று எனக்குப் பட்டது, தாளைத் திருப்பிக் காட்டினாளே அந்தக் கையை நினைத்தேன். செல்கின்றேன் என்று சொன்னேன். குந்தியிருந்த மருமகன் தலையைத் தூக்கியது என் கண்ணோரத்தில் தெரிந்தது. வாசலுக்கு வெளியே கண்ணகை நிற்கிறாள், அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு நாலாம் வரியிலும் செல்கின்றேன் என்றேன். அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை இடத்தில் அது வருகிறதோ அத்தனை இடத்திலும் சொன்னேன். உயிர் ஊசலாடுகிற ஒரு மனுசனுக்கு முன்னால் நின்றுகொண்டு, திரும்பி வருகிற பேச்சே இல்லாத அந்தச் சொல்லை, அவர் மாமி நான், என் வாயால் சொன்னேன்.

கப்டன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தச் சிப்பாயை விரல் வைத்து வாசிக்கச் சொன்னான். செல்கின்றேனில் விரல் இரண்டு தாளிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகும் விடவில்லை, அட்டையைத் தூக்கி வட்டங்களைக் காட்டி யாருக்குக் குறி என்று கேட்டான். மீராசாஹிப் அதற்கு ஆயத்தமாக வந்திருந்தார். பிள்ளைகள் படிக்கிற கணக்குப் புத்தகத்தின் வெட்டாத அட்டை ஒன்றும், வெட்டாத கல்யாண அழைப்புக் காட் ஒன்றும் மடியில் இருந்தன, இரண்டிலும் அதே வட்டம், அதே சிலுவை. நாலு நிறமும் நாலுதரம் அடிக்கிறது சேர், ஒண்டுக்கு மேல ஒண்டு சரியா விழுதா எண்டு பாக்கத்தான் இந்த வட்டம், மறுகா வெட்டி எறிஞ்சிருவம், பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரு சேர் குறி வெப்பான், என்றார். அந்த இடத்திலும் பகிடி. ஆனால் கப்டன் அந்தக் கல்யாணக் காட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்து என்னவோ கேட்டான், சிப்பாய் மாற்றிச் சொன்னான், ராசா சண்டைக்குப் போயிட்டுத் திரும்பி வருவாரா எண்டு கேக்கிறார். விடியுமட்டும் களரியில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன். அதற்கும் சிரித்தான். தகட்டையும் தாள்களையும் வைத்துக்கொண்டு, புத்தகம் அடித்ததும் ஒன்று முகாமுக்குக் கொண்டுவந்து தரவேண்டும், இந்தப் பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பேன் என்று சொல்லி மருமகனை விட்டான். வீட்டுக்கு வருகிற வழியில் மருமகன் சொன்னார், நீங்க செல்கின்றேன் எண்டதும் மாமி, மாமா பாடினது அதில்லையே, மாமிக்கு எனக்கு நடக்கப் போறது தெரிஞ்சுபோச்சு, அதுதான் சொல்லு மாறுது எண்டு நினைச்சிட்டன், முடிஞ்சுது எண்டு கண்ண மூடிட்டன், என்று. இதற்கு நீ என்ன சொல்கிறாய்.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், இலக்கணம் எனக்குத் தெரியாது. வாறன் என்பது கொச்சை என்று உன் பள்ளிக்கூடம் சொல்லியிருக்கும். ஆனால் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற ஒருவன் போறன் என்று சொல்வானா, செல்கின்றேன் என்று சொல்வானா, மகன். சந்தைக்குப் போகிறவனும் வாறன் என்றுதான் படலையைச் சாத்துகிறான். அப்பா அந்தச் சொல்லை அங்கே வைத்தது எழுதத் தெரியாமல் இல்லை. விடியப்புறம் ராசாவின் முடியை மட்டும் கொண்டுவந்து களரியில் வைப்பார்கள், அப்போது ராணி, போய்வாறன் என்றீர்களே என்று அழுகிறாள் அல்லவா, நீ செல்கின்றேன் என்று மாற்றினால் அவள் எதைப் பிடித்து அழுவாள். அவர் வருவேன் என்று சொல்லவே இல்லையே. அதையும் திருத்தினாயா என்று எனக்குத் தெரியாது, மெசினில் பதிந்திருக்கிற மிச்சத்தை ஸகியாவால் வாசிக்க முடிகிறவரை தெரியவும் வராது.

இனி வேலையைக் கேள். முதலில் அந்தப் பொண்டை அனுப்பு, தனியாக அதை மட்டும் அனுப்பினாலும் சரி, வருகிறவர் கையில் கொடு, தாளில் எதையும் அடித்து அனுப்பாதே. அட்டையில் அப்பாவின் படம் சின்னப் படமாக இருந்ததை நீ பெருப்பித்திருக்கிறாய், முகம் எல்லாம் சதுரம் சதுரமாக உடைகிறது என்கிறாள் ஸகியா, பெரிதாகத் திரும்பப் பிடித்து அனுப்பச் சொல்கிறாள். உன் கம்பியூட்டர்க் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிகிறது இங்கே அச்சில் செங்கல் மாதிரி வருகிறது, அச்சுக்கு என்று நாலு நிறமாகப் பிரித்து அனுப்ப வேண்டுமாம். ஓரத்தில் படத்தைக் கோட்டோடு நிறுத்தாமல் வெட்டுக்கு வெளியே கொஞ்சம் ஓடவிடு, இல்லாவிட்டால் கத்தி பிசகினால் வெள்ளை தெரியும். புத்தக முதுகின் அகலத்தை நீ குத்துமதிப்பாக வைத்திருக்கிறாய், பக்கம் எத்தனை என்று எழுத்து வந்தபிறகு அவர்களே அளந்து சொல்வார்கள், அதுவரைக்கும் அப்பாவின் பெயரை முதுகில் ஏற்றாதே. வாளை எடுத்துவிடலாமே என்று மருமகன் பயத்தில் சொல்கிறார், எடுக்காதே. வாள் இருக்கட்டும், வலக்கையில் இருக்கட்டும். மீராசாஹிப்பிடம் நானே நேரில் சொல்லிவிட்டேன், பிலிமை வைக்கும்போது என்னைக் கூப்பிட வேண்டும், நான் பார்த்தபிறகுதான் மெசின் சுற்ற வேண்டும் என்று. வாங்க அக்கா, கண்ணாடியும் கொண்டு வாங்க, என்றார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அவருக்குக் காட்டவில்லை.

கப்டனுக்குக் கொடுக்கிற புத்தகத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும், அதனால் நீ திருத்தினபடியே எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணகை அழுகிறாள். அவள் பயம் நியாயம். அதற்கு ஸகியா ஒரு வழி சொன்னாள். மெசினில் முதல் பக்கத்தை அடிக்கும்போது ஒரே ஒரு தாளை மட்டும் செல்கின்றேன் என்று எடுத்து அந்த ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கட்டிவிடலாம், மற்றது எல்லாம் போய்வாறன் என்று ஓடட்டும் என்றாள். அப்படியே செய்யச் சொல்லிவிட்டேன். ஆகவே மகன், உன்னுடைய செல்கின்றேன் ஒரு புத்தகத்தில் இருக்கும், அது முகாமில் இருக்கும். ஊரில் இருக்கிற புத்தகங்களில் உன் அப்பா இருப்பார்.

மழை இன்னும் தொடங்கவில்லை, வயல் வட்டைக்குப் போக இந்த வருசமும் ஆமிக்காரர் விடமாட்டார்கள் போல் இருக்கிறது. மருமகனுக்கு முதுகில் நோ இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார், எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறேன். நீ இதையெல்லாம் யோசித்துச் சாப்பிடாமல் கிடக்காதே. பிள்ளைகளுக்கு நம் பேச்சில் கதைக்கப் பழக்கு, பிழையாகக் கதைத்தாலும் திருத்தாதே. நீயும் மருமகளும் குறைவில்லாமல் வாழவேண்டும், பிள்ளையார் உங்கள் வாசலில் நிற்பார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் நீ வெளிக்கிட்டபோது பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்து என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வாறன் அம்மா என்றாய். அந்தச் சொல்லை நான் இன்றுவரை திருத்தாமல் வைத்திருக்கிறேன், நீயும் திருத்திவிடாதே.

இப்படிக்கு
உன்னைப் பார்த்திருக்கும் அம்மா
கோ. சீதேவிப்பிள்ளை